மெல்லிய வெள்ளியின் நிறங்கள்

வெள்ளி வெள்ளையாக இருப்பது அது தடிமனாக இருக்கும்வரைதான். கண்ணாடித் தகட்டின் மேல் 5 நானோமீட்டர் கணக்கில் வெள்ளியை ஏற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கத்தரிப்பூ நிறம் தெரியும். அதே தகட்டை 200 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டு எடுத்துப் பார்த்தால் மஞ்சள். ஒரு துளி வெள்ளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கண்ணாடியின் மேல் அது உட்கார்ந்திருக்கும் விதம் மாறிவிட்டது, அதோடு நிறமும் மாறிவிட்டது. இத்தனை வருடம் நான் பார்த்த வேலை என்ன என்று யாராவது கேட்டால் இந்த இரண்டு தகட்டையும்தான் எடுத்துக் காட்டுவேன்.

திண்டுக்கல் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் இயற்பியல் துறையில் உலோகத்தை ஆவியாக்கிக் கண்ணாடியில் படியவைக்கும் கோட்டிங் யூனிட்டை ஓட்டுவது என் பொறுப்பு. 1990களின் தொடக்கத்தில் ஆய்வக உதவியாளனாகச் சேர்ந்தேன். சொந்த ஊர் சின்னாளப்பட்டி. வீட்டில் தறி, ஜரிகை, சாயம் என்றே வளர்ந்ததால் பளபளப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி சின்ன வயதிலேயே உண்டு. முனைவர் பட்டத்துக்கு வரும் பிள்ளைகளுக்கு ஃபிலிம் போட்டுக் கொடுப்பேன். ஆய்வேட்டில் கணக்கும் வரைபடமும் வரும். அதற்கு முன்னால் நடக்கும் காரியங்கள் பெரும்பாலும் எங்கும் எழுதப்படுவதில்லை. அவற்றைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

எங்கள் யூனிட் பெங்களூரு ஹிந்த் ஹைவேக் நிறுவனத்தினுடையது. 12 அங்குலக் கண்ணாடி பெல் ஜார், அதற்கு அடியில் இரண்டு பம்ப். ரோட்டரி பம்ப் முதலில் பெரும்பகுதிக் காற்றை வெளியே இழுக்கும். பிறகு டிஃப்யூஷன் பம்ப். அதன் அடியில் சிலிகோன் எண்ணெய் கொதிக்கும். மேலே எழும் ஆவி கீழ்நோக்கிப் பீய்ச்சி, மிச்சமிருக்கும் காற்று மூலக்கூறுகளை அடித்து இறக்கி ரோட்டரி பம்பிடம் ஒப்படைக்கும். அழுத்தம் ஒரு மில்லிபாரில் லட்சத்தில் ஒரு பங்குக்கு வந்தால்தான் வேலையைத் தொடங்கலாம். அந்த நிலையில் ஒரு மூலக்கூறு இன்னொன்றில் முட்டாமல் சராசரியாக 6 மீட்டருக்கு மேல் போகும். வெள்ளி உருகும் மாலிப்டினம் கிண்ணத்திலிருந்து (நாங்கள் 'போட்' என்போம்) கண்ணாடித் தகடு வரை ஒரு சாண் தூரம்தான். ஆகவே வெள்ளி அணுக்கள் வழியில் எதிலும் இடிபடாமல் நேராகப் போய் ஒட்டும்.

புத்தகத்தில் இவ்வளவும் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாதது தண்ணீர். டிஃப்யூஷன் பம்பைச் சுற்றியுள்ள செப்புக் குழாயில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் ஆவி கீழே இறங்காமல் மேலே ஜாருக்குள் ஏறிவிடும். திண்டுக்கல்காரர்களுக்குத் தண்ணீரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர் குழாயில் வருவதே நாள் கணக்கு வைத்துத்தான். மற்ற நேரமெல்லாம் போர்த் தண்ணீர், அது உப்பு. சில மாதம் ஓடினால் செப்புக் குழாயின் உட்பக்கம் வெள்ளையாக உப்பு கட்டி, தண்ணீர் நூலாக வரும். அப்படி ஒரு கோடையில் போட்ட ஃபிலிமெல்லாம் விரல் பட்டதும் உரிந்து வந்தது. தகட்டின் மேல் எண்ணெய் ஆவி கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் படிந்திருந்ததுதான் காரணம். நீர்த்த அமிலம் விட்டுக் குழாயைக் கழுவினோம். பிறகு மொட்டைமாடி மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்து, சின்ன மோட்டார் வைத்துச் சுற்ற விட்டோம். அதற்குப் பிறகு அந்தத் தொந்தரவு இல்லை. துறையில் பேராசிரியர்கள் பல பேர் வந்தார்கள், போனார்கள். எல்லோருக்கும் நான் முதலில் காட்டிக் கொடுத்தது அந்தத் தொட்டியைத்தான்.

இன்னொரு உதவி நாகல் நகர்ப் பக்கமிருந்து கிடைத்தது. ஒரே தகட்டில் வேறு வேறு தடிமனில் பட்டை பட்டையாக வெள்ளி போட வேண்டுமென்றால், முன்னால் ஒரு மறைப்புத் தகடு வேண்டும். வெளியூரிலிருந்து வரவழைக்கக் காசு இல்லை. பூட்டு வேலை செய்யும் பெரியவர் ஒருவரிடம் பித்தளைத் தகட்டைக் கொண்டுபோனேன். வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, சாவி போற துவாரம் மாதிரி பிசிறு இல்லாம இருக்கணும், அவ்வளவுதானே?" என்றார். நூலிழை அகலத்துக்குத் துவாரங்கள், அரம் போட்டு எடுத்தவை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒரு ஓரத்திலும் பிசிறு இல்லை. அந்த மறைப்பு இன்னும் வேலை செய்கிறது.

கண்ணாடி கழுவுவதைப் பற்றி மட்டும் ஒரு புத்தகம் எழுதலாம். சோப்புத் தண்ணீர், குரோமிக் அமிலம், காய்ச்சி வடித்த தண்ணீர், அசிட்டோன், கடைசியில் சூடான காற்று. கழுவி முடித்ததும் தகட்டின் மேல் வாயால் மெதுவாக ஊத வேண்டும். சுத்தமான கண்ணாடியில் மூச்சின் ஈரம் ஒரே சீராகச் சாம்பல் பூத்தாற்போலப் படிந்து, ஓரத்திலிருந்து ஒழுங்காகக் காய்ந்து வரும். எங்காவது விரல் ரேகையோ உப்போ இருந்தால் அந்த இடம் மட்டும் திட்டாகத் தெரியும். திட்டுத் தெரிந்த தகட்டில் வெள்ளி போட்டால் அதே திட்டு வேறு நிறத்தில் பதிந்துவிடும். புதிதாக வரும் மாணவர்களுக்கு இந்தச் சோதனையில் நம்பிக்கை இருக்காது. விலை உயர்ந்த கருவி இருக்கும்போது வாயால் ஊதுவதா என்று நினைப்பார்கள். திட்டோடு ஒரு ஃபிலிம் போட்டுப் பார்த்தால் போதும், அதற்குப் பிறகு சொல்லவே வேண்டாம்.

இனி வெள்ளி. போட்டில் மின்சாரத்தைக் கூட்டிக்கொண்டே போனால், 960 டிகிரியைத் தாண்டியதும் வெள்ளித் துண்டு சுருண்டு ஒரு குண்டுமணி அளவுக்கு உருண்டு மின்னும். ஷட்டரைத் திறந்ததும் குவார்ட்ஸ் கிரிஸ்டல் மானிட்டரில் எண் ஏறத் தொடங்கும். கிரிஸ்டல் நொடிக்கு 60 லட்சம் முறை அதிரும். அதன் மேல் வெள்ளி படியப் படிய எடை கூடி அதிர்வு குறையும். அந்தக் குறைவைத்தான் மானிட்டர் தடிமனாக மாற்றிக் காட்டுகிறது.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மானிட்டர் 5 நானோமீட்டர் என்று காட்டினால் அது எடைக் கணக்கு. வந்து விழுந்த வெள்ளியைச் சமமாகப் பரப்பினால் அவ்வளவு தடிமன் இருக்கும் என்பதுதான் அதன் பொருள். வெள்ளி சமமாகப் பரவுவதே இல்லை. மழை தொடங்கும்போது பஸ் கண்ணாடியில் துளிகள் தனித்தனியாக உட்கார்ந்து, பெருத்து, பக்கத்துத் துளியோடு சேர்வதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடித் தகட்டில் வெள்ளியும் அப்படித்தான். கண்ணாடியோடு ஒட்டுவதைவிடத் தன் இனத்தோடு ஒட்டத்தான் அதற்கு விருப்பம். 5 நானோமீட்டர் கணக்கில் போட்டதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் 15, 20 நானோமீட்டர் உயரத்துக்குத் தனித்தனித் தீவுகள், நடுவே வெறும் கண்ணாடி. துறையில் இதற்குத் தீவுப் படலம் என்றே பெயர்.

ஒளி இந்தத் தீவுகளைச் சந்திக்கும்போது நடப்பது இதுதான். உலோகத்துக்குள் எலக்ட்ரான்கள் யாருக்கும் கட்டுப்படாமல் உலவுகின்றன. ஒளி என்பது வேகமாகத் திசை மாறிக்கொண்டிருக்கும் மின்புலம். அது எலக்ட்ரான்களை இப்படியும் அப்படியும் தள்ளும். பெரிய தகடாக இருந்தால் எலக்ட்ரான்கள் ஒன்றாக அசைந்து ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால்தான் வெள்ளி பளபளக்கிறது. தீவாக இருந்தால் அவற்றால் கரையைத் தாண்டிப் போக முடியாது. ஒரு பக்கம் ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் இழுக்கும். இப்படி இழுபடுவதால் அந்தத் தீவுக்கென்று ஒரு சொந்த அதிர்வெண் வந்துவிடுகிறது. அதோடு பொருந்தும் நிறம் வந்தால் எலக்ட்ரான்கள் பெரிய வீச்சில் ஆடி அந்த நிறத்தை விழுங்கியும் சிதறடித்தும்விடும். மிச்சம்தான் நம் கண்ணுக்கு வருகிறது. நெருக்கமான, தட்டையான தீவுகள் பச்சையை விழுங்கும், நமக்குக் கத்தரிப்பூ நிறம் வரும். சூடேற்றியதும் அவை உருண்டு, ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அப்போது விழுங்கப்படுவது நீலம், நமக்கு மஞ்சள்.

பட்டை பட்டையாகப் போட்ட தகட்டை ஜன்னலில் வைத்துப் பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்காத காட்சி. மெல்லிய பட்டை வெளிர் மஞ்சள். அடுத்தது சிவந்து கறுக்கும். அதற்கடுத்தது கத்தரிப்பூவும் நீலமும் கலந்தது. பிறகு ஒரு மங்கலான, எந்த நிறமென்று சொல்ல முடியாத சாம்பல் பட்டை. அங்கேதான் தீவுகள் ஒன்றோடொன்று கைகோர்க்கத் தொடங்குகின்றன. மல்டிமீட்டரை வைத்தால் அந்தப் பட்டைவரை மின்சாரம் போகாது, அடுத்த பட்டையில் தாராளமாகப் போகும். கண்ணாடிபோல முகம் காட்டுவதும் அங்கிருந்துதான். மாணவர்கள் மல்டிமீட்டர் முள்ளைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள். நான் சாம்பல் பட்டையைப் பார்க்கச் சொல்வேன், சுவாரசியமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தங்கம் இதைவிடப் பழைய கதை. லண்டன் ராயல் சொசைட்டியில் மைக்கேல் ஃபாரடே 1857இல் தங்கமும் ஒளியும் பற்றி ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார். தங்க ரேக்கைக் கண்ணாடியில் ஒட்டி வெளிச்சத்தில் பிடித்தால் பச்சையாகத் தெரியும். சூடாக்கினால் பச்சை போய்விடும். அந்த இடத்தை அகேட் கல்லால் அழுத்தித் தேய்த்தால் பச்சை திரும்ப வரும். இவையெல்லாம் அவர் செய்து பார்த்தவை. பொருள் மாறவில்லை, அதன் அமைப்பு மாறுகிறது என்பதை எலக்ட்ரான் என்ற ஒன்று கண்டுபிடிக்கப்படுவதற்கு 40 வருடம் முன்பே அவர் கையால் தொட்டுவிட்டார். 1904இல் மேக்ஸ்வெல் கார்னெட்டும் 1908இல் குஸ்தாவ் மீயும் அதற்குக் கணக்கு எழுதினார்கள். எங்கள் ஆய்வகத்தில் 5 நானோமீட்டர் தங்கம் போட்டால் முதலில் நீலம் தெரியும், உலையில் வைத்து எடுத்தால் ரோஜா நிறம் வரும். ஃபாரடே பார்த்த சங்கதியின் வாரிசைத் திண்டுக்கல்லில் ஒரு மாணவி பார்க்கிறாள் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் உண்டு.

ஊரில் என்னை இந்த வேலையோடு நெருக்கமாக்கியது ஜரிகைதான். ஒரு தீபாவளிக்கு முன்னால் மாமா இரண்டு இழையைக் கொண்டுவந்து, "மாப்ளே, ரெண்டும் தங்கமாத்தான் மின்னுது. எது எதுன்னு உன் மெஷின் சொல்லுமா?" என்று கேட்டார். ஒன்று பாட்டி சேலையிலிருந்து எடுத்த பழைய ஜரிகை. பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன் மேல் தங்கமுலாம் பூசியது. மற்றது அப்போது புதிதாகப் பரவிக்கொண்டிருந்த பிளாஸ்டிக் ஜரிகை. இதற்கு மெஷினே தேவைப்படவில்லை. புது இழையை அசிட்டோனில் ஊறவைத்தேன். சிறிது நேரத்தில் மஞ்சள் கரைந்து அசிட்டோனுக்குப் போனது, இழை வெள்ளை வெளேரென்று மின்னியது. அடுத்து நீர்த்த காஸ்டிக் சோடாவில் போட்டேன். சின்னச் சின்னக் குமிழி விட்டு வெள்ளையும் கரைந்தது. கையில் மிஞ்சியது கண்ணாடி போன்ற பாலியஸ்டர் இழை.

இந்தப் பிளாஸ்டிக் ஜரிகைக்கு, வெற்றிட அறையில் பாலியஸ்டர் சுருளை ஓடவிட்டு அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைக்கிறார்கள். சில பத்து நானோமீட்டர் தடிமன் போதும், அதற்குமேல் ஒளியால் ஊடுருவ முடியாது. அதன் மேல் மஞ்சள் வார்னிஷ். பிஸ்கட் பாக்கெட்டின் உட்பக்கம் மின்னுவதும் அதே அலுமினியம்தான். எங்கள் ஊரிலிருந்து மேற்கே தெரியும் மலைமேல், 1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. அதுபோன்ற ஆய்வகங்களின் தொலைநோக்கி ஆடிகளுக்குப் பூசுவதும் அதையே. அலுமினியத்தின் நல்ல குணம், காற்றுப் பட்டவுடன் சில நானோமீட்டர் ஆக்சைடு தானாக மூடிக் காப்பாற்றிவிடும்.

மாமாவுக்கு நான் சொன்ன பதில் இது. பாட்டி ஜரிகையின் மஞ்சள், தங்கத்தின் எலக்ட்ரான்கள் நீலத்தை எடுத்துக்கொள்வதால் வருவது. புது ஜரிகையின் மஞ்சள் சாயம். என் தகட்டில் தெரியும் மஞ்சள் இரண்டுமே இல்லை, வெள்ளித் தீவின் வடிவத்திலிருந்து வருவது. மாமா மூன்றாவதைத்தான் ரொம்ப நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயமே இல்லாமல் நிறம் என்பது சாயத்திலேயே வாழ்ந்தவருக்கு எளிதில் நம்பக்கூடியதாக இல்லை.

2008 முதல் சில வருடம் மின்வெட்டு. 2012இல் உச்சம். தமிழ்நாட்டில் எல்லாத் தொழிலும் அடிபட்ட காலம், எங்கள் வேலையும் அடிபட்டது. வெற்றிடம் வருவதற்கே மூன்று மணி நேரம் ஆகும், மின்சாரமோ அதுவரை இருக்காது. கரண்ட் போனதும் முதலில் உயர் வெற்றிட வால்வை மூட வேண்டும். பிறகு ரோட்டரி பம்புக்குள் காற்றை விட வேண்டும், இல்லாவிட்டால் அதன் எண்ணெயை வெற்றிடம் உள்ளே உறிஞ்சிவிடும். டிஃப்யூஷன் பம்ப் சூடு தணியும்வரை கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். இருட்டில் தடவித் தடவி இதைச் செய்யப் பிள்ளைகளைப் பழக்கினேன்.

அந்தக் காலத்தில்தான் ஒரு மாணவி வந்து, "அண்ணே, மானிட்டர்ல ஏதோ கோளாறு. ரெண்டு தகட்டுலயும் 5 தான் போட்டோம். ஒண்ணு ஊதா, ஒண்ணு பழுப்பு மாதிரி இருக்கு" என்றாள். குறிப்பேட்டைப் பார்த்தோம். ஒன்று ஒரே மூச்சில் விழுந்த 5. மற்றது பாதியில் கரண்ட் போய், மறுநாள் தொடர்ந்தது. இடையில் கிடைத்த நேரத்தில் முதலில் விழுந்த தீவுகள் சும்மா இருக்கவில்லை. அறை வெப்பத்திலேயே வெள்ளி நகரும், சின்னத் தீவுகளை விழுங்கிப் பெரியவை வளரும். காற்று வேறு உள்ளே போய்வந்திருந்தது. மறுநாள் வந்த வெள்ளி வேறு மாதிரியான தரையில் போய் உட்கார்ந்திருக்கிறது. மானிட்டர் இரண்டுக்கும் ஒரே எடையைச் சரியாகவே சொல்லியிருந்தது. அவள் அதை விடாமல் பிடித்துக்கொண்டு, வேண்டுமென்றே இடைவெளி விட்டுப் போட்டு, ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமாகவே எழுதினாள். கொட்டும் வேகம், தகட்டின் சூடு, நடுவில் விட்ட நேரம் ஆகிய மூன்றையும் எழுதாமல் தடிமனை மட்டும் எழுதும் கட்டுரைகளை அன்றிலிருந்து நான் நம்புவதில்லை.

இதற்கிடையே பெயர்கள் மாறின. நான் சேர்ந்தபோது மேஜையில் கே.எல். சோப்ரா 1969இல் எழுதிய 'தின் ஃபிலிம் ஃபெனாமினா' இருந்தது. எங்கள் வேலைக்கு மெல்லிய படலம் என்று பெயர். 2001இல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை நானோ அறிவியலுக்கென ஒரு திட்டம் தொடங்கியது. 2007இல் நானோ மிஷன் வந்தது. கொஞ்ச காலத்தில் அதே பெல் ஜார், அதே வெள்ளி, அதே தகடு, ஆனால் தலைப்பில் பிளாஸ்மான், அதாவது தீவுக்குள் எலக்ட்ரான்கள் சேர்ந்து ஆடும் அதே ஆட்டம். இதில் குறை சொல்ல எதுவுமில்லை. பணம் வந்தது, நல்ல ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்தது. காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், சென்னை ஐஐடி போன்ற இடங்களுக்குத் தகட்டை அனுப்பி, அதுவரை ஊகித்ததை நுண்ணோக்கிப் படமாகப் பார்க்க முடிந்தது. வேலையின் அடிப்படை மட்டும் மாறவில்லை.

சாம்பல் பட்டைக்கு வருகிறேன். 1928இல் சி.வி. ராமன் கண்டது, ஒளி மூலக்கூறில் பட்டுச் சிதறும்போது அதில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வருகிறது என்பது. அந்த மாற்றம் மூலக்கூறின் அடையாளம். ஆனால் சமிக்ஞை மிகப் பலவீனம். 1974இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் ஃப்ளெய்ஷ்மனும் உடன் இருந்தவர்களும் கரடுமுரடான வெள்ளியின் மேல் பிரிடின் வைத்துப் பார்த்தபோது எதிர்பாராத அளவுக்குப் பலமான சமிக்ஞை கிடைத்தது. 1977இல் இரண்டு குழுக்கள் அது லட்சம் மடங்குக்கும் மேலான பெருக்கம் என்று காட்டின. இரண்டு வெள்ளித் தீவுகள் தொடாமல், சில நானோமீட்டர் இடைவெளியில் நின்றால் அந்த இடுக்கில் ஒளியின் மின்புலம் பன்மடங்கு குவியும். அங்கே சிக்கிய மூலக்கூறு உரக்கப் பேசும்.

எங்கள் மாணவர் ஒருவர் சாயப்பட்டறையில் வாங்கிய ரோடமின்-பி கரைசலைப் பட்டை பட்டையாகப் போட்ட தகட்டின் மேல் ஒவ்வொரு சொட்டாக வைத்து, வேறு ஊருக்குக் கொண்டுபோய் ராமன் அளவீடு எடுத்து வந்தார். மஞ்சள் பட்டையில் கொஞ்சம். முகம் காட்டும் பட்டையில் அநேகமாக ஒன்றுமில்லை. தீவுகள் சேர்வதற்குச் சற்று முன்னால் இருக்கும் அந்த மங்கல் பட்டையில்தான் கோடுகள் நிமிர்ந்து நின்றன. 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாய்க்குத் தடை வந்தது இதே ரோடமின்-பி சாயத்துக்காகத்தான். தகட்டில் ஒரு சொட்டு வைத்துக் கண்டுபிடிக்கும் வித்தை நம் கல்லூரிகளின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகள் வந்தால் நான் காட்டுவது வேறொன்று. 1968இல் ஜெர்மனியில் ஓட்டோவும் கிரெட்ஷ்மனும் காட்டிய முறை. ஒரு தகட்டில் முதலில் 2 நானோமீட்டர் குரோமியம், அதன் மேல் 50 நானோமீட்டர் தங்கம். குரோமியம் இல்லாவிட்டால் செலோடேப் ஒட்டி எடுத்தாலே தங்கம் கூடவே வந்துவிடும். தகட்டின் முதுகை எண்ணெய் விட்டுப் பட்டகத்தில் ஒட்டி, சிவப்பு லேசரைப் பட்டகத்தின் வழியாகத் தங்கத்தில் விழச்செய்து, எதிர்ச்சுவரில் வரும் பொட்டைப் பார்க்க வேண்டும். பட்டகத்தை மெல்லத் திருப்பினால் பொட்டு பிரகாசமாகவே நகரும். 44 டிகிரிக்கு அருகில் வந்ததும் சட்டென்று மங்கி, அநேகமாக மறைந்தேவிடும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் திரும்ப வரும். அந்தக் கோணத்தில் மட்டும் ஒளி தங்கத்தின் மேற்பரப்பில் எலக்ட்ரான் அலையாக மாறி ஓடி, வெப்பமாகிக் கரைந்துபோகிறது. லேசருக்கு முன்னால் வைத்திருக்கும் போலராய்டைக் கால்வட்டம் திருப்பி வைத்தால் எந்தக் கோணத்திலும் மறையாது. தங்கத்தின் மேல் தண்ணீர் பட்டால் மறையும் கோணம் 70 டிகிரியைத் தாண்டிப் போய்விடும். மேற்பரப்பில் ஒட்டும் புரதத்தைக்கூட இந்தக் கோண மாற்றத்தை வைத்து அளக்கலாம். 1990இலேயே சுவீடனில் அதற்கென்று கருவி விற்பனைக்கு வந்துவிட்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் விழும் சிவப்புக் கோடும் பெரும்பாலும் நானோ தங்கம்தான், எங்கள் உலையிலிருந்து வந்த தங்கத் தகட்டின் ரோஜா நிறம்தான்.

வெள்ளியின் பெரிய பலவீனம் கறுப்பது. கொலுசு கறுப்பதற்கு வருடம் ஆகலாம், 5 நானோமீட்டர் தீவுக்கு நாட்கள் போதும். திண்டுக்கல்லில் தோல் பதனிடும் தொழிற்கூடங்கள் உண்டு. சுண்ணாம்புத் தொட்டியில் முடி நீக்கச் சோடியம் சல்ஃபைடு சேர்ப்பார்கள். கந்தக வாடை காற்றில் வரும் நாளில் திறந்து வைத்த தகட்டின் நிறம் ஒரு வாரத்தில் மங்கிச் சிவப்புப் பக்கம் நகர்ந்துவிடும். திங்கட்கிழமை எடுத்த வரைபடமும் அடுத்த மாதம் எடுத்ததும் பொருந்தாமல் போனதற்கு மாணவர்கள் எத்தனையோ கோட்பாடு சொல்லியிருக்கிறார்கள். நான் தகட்டின் பின்பக்கம் வைரப் பேனாவால் தேதியும் மணியும் கீறி வைக்கச் சொல்வேன். சிலிகா ஜெல் போட்ட டெசிகேட்டரில் வைத்து, போட்ட அன்றே அளவெடுக்க வேண்டும்.

இப்போது முருங்கை இலை, வேப்பிலை, துளசிச் சாற்றில் வெள்ளி நைட்ரேட் சேர்த்து நானோ துகள் செய்வது எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது. கரைசல் மஞ்சளாகிப் பழுப்பாவது அழகான காட்சி, செலவும் குறைவு. நான் அதற்கு எதிரி அல்ல. ஆனால் வேடசந்தூர் முருங்கையும் ஒட்டன்சத்திரம் முருங்கையும் ஒரே சாறு தருமா, சித்திரையில் பறித்த இலையும் கார்த்திகையில் பறித்த இலையும் ஒன்றா என்று கேட்டால் பதில் வருவதில்லை. நிறம் வந்ததும் கட்டுரை முடிந்துவிடுகிறது. எந்த வடிவம், என்ன அளவு, மறுபடி செய்தால் வருமா என்பதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது என்பது என் கருத்து.

இந்தச் சாற்று முறை வந்த பிறகு பல துறைகளில் கோட்டிங் யூனிட்டுக்குத் துணி போர்த்திவிட்டார்கள். ஓட்டத் தெரிந்தவர் ஓய்வு பெற்றதும் அந்த இடம் நிரப்பப்படுவதில்லை. சில வருடத்தில் ஓ-ரிங் வெடித்து, எண்ணெய் கெட்டியாகி, பழைய இரும்பு விலைக்கு ஏலம் போகிறது. உங்கள் கல்லூரியில் அப்படி ஒன்று மூடிக் கிடந்தால், தயவுசெய்து ஏலத்துக்கு அனுப்பும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். பம்ப் எண்ணெயை மாற்றுங்கள், ஓ-ரிங்குகளைப் புதிதாகப் போடுங்கள், குளிர்குழாயின் உப்பைக் கழுவுங்கள், மழைத்தண்ணீர் விட்டுச் சுற்றவிடுங்கள். இளையவர் ஒருவரை நியமித்து வாரம் ஒருமுறையாவது ஓட்டச் சொல்லுங்கள். ஓட்டுவதற்கு ஆள் கிடைக்காவிட்டால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், வந்து கற்றுக் கொடுக்கிறேன்.